வீங்கிய கையைக் கைவிடலாமா?
மார்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் கை வீக்கமும் வீட்டில் பாவிக்கும் காற்றுப் பம்பும்



கொழுந்து எடுக்கிறவருக்குக் கைதான் சொத்து. அந்தக் கையில் ஒன்று வீங்கிக் கனத்துப் போனால் என்ன நடக்கும்? கிலோ குறையும். அரைப் பேர் விழும். பீலியில் தண்ணீர் பிடிக்க முடியாது, ரொட்டிக்கு மா பிசைய முடியாது. இதோடு லயத்துப் பேச்சும் சேரும். "இது தொத்து வருத்தம், கிட்டப் போகாதே" என்பார் ஒருவர். "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்பார் இன்னொருவர். இதற்குப் பயந்து வீங்கிய கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு மலைக்குப் போகிற பெண்கள் உண்டு. மறைத்து வைத்த வீக்கம் இறுகிக் கொண்டே போகும். ஆகவே இந்த இதழில் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறோம்.

இந்த வீக்கம் எங்கிருந்து வருகிறது?

நம் உடம்பில் இரத்தக் குழாய்களைப் போலவே இன்னொரு குழாய் வகையும் இருக்கிறது. அதில் ஓடுவது நிணநீர். இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து சதைக்குள் தேங்கும் நீரை, அதில் உள்ள புரதத்தோடும் கழிவோடும் அள்ளிக்கொண்டு போய்த் திரும்ப இரத்தத்தில் சேர்ப்பது இதன் வேலை. வழியில் வடிகட்டிகள் போல சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் "நெறி கட்டிருச்சு" என்கிறோமே, அந்த நெறிதான் இந்த முடிச்சு. அக்குளுக்குள் மட்டும் சுமார் 20 முதல் 40 முடிச்சுகள் இருக்கும்.

தேயிலை மலையில் கான் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கான் ஒழுங்காக இருந்தால் மழைத் தண்ணீர் ஓடிவிடும். மேலே கான் இடிந்து மூடினால் கீழே சேறும் சகதியும்தான். மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்யும்போது, நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும் பரவியதை எடுக்கவும் அக்குள் முடிச்சுகளை வைத்தியர்கள் எடுக்கிறார்கள். சிலருக்கு அந்த இடத்தில் கதிர் சிகிச்சையும் கொடுக்கிறார்கள். அப்போது கையின் கான் மூடிப்போகிறது. கையில் தேங்கும் நீர் வடிய வழியில்லாமல் நிற்கிறது. இதுதான் நிணநீர் வீக்கம்.

சத்திரசிகிச்சை செய்த எல்லாருக்கும் இது வருவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2013ஆம் ஆண்டு வெளிவந்த கணக்கின்படி, அக்குள் முடிச்சுகளைப் பெருமளவில் எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு வந்தது. சோதனைக்காக ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்தவர்களில் 20 பேரில் ஒருவருக்கு வந்தது. சிலருக்குச் சில மாதங்களில் வரும். சிலருக்குச் சில வருடங்கள் கழித்தும் வரும்.

இது தொத்து வருத்தம் இல்லை

ஒரே துவாய், ஒரே பாய், ஒரே கோப்பை எதனாலும் இது இன்னொருவருக்குப் போகாது. யானைக்கால் நோயும் இது இல்லை. யானைக்கால் நுளம்பால் பரவும் புழுவினால் வருவது. இலங்கையில் அது மேல், தென், வடமேல் மாகாணங்களில்தான் இருந்து வந்தது. நமது ஊவா மாகாணம் அந்த வலயத்தில் சேர்ந்ததில்லை. 1947இல் தொடங்கிய யானைக்கால் தடுப்பு இயக்கத்தின் நீண்ட உழைப்பினால், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்த நோயை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. எனவே லயத்தில் யாராவது "யானைக்கை" என்று பேர் வைத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்

கை வீங்கியதும் தைலம் பூசுவதும், சூடு ஒத்தடம் கொடுப்பதும், பத்துப் போடுவதும் நம்மிடம் உள்ள பழக்கம். இந்த வீக்கத்துக்கு சூடு நல்லதல்ல. சூடு பட்டால் இரத்த ஓட்டம் கூடி வீக்கமும் கூடும். அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. மூத்திரம் போகிற குளிசை வாங்கிக் குடிப்பதாலும் பயன் இல்லை. தண்ணீர் போகும், புரதம் சதையிலேயே நிற்கும், வீக்கம் திரும்பி வரும்.

கை வீங்குவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். குழாயில் இரத்தம் கட்டியிருக்கலாம், கிருமி புகுந்திருக்கலாம், சில வேளை பழைய நோய் திரும்பியிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்காமல் பம்ப் போடக் கூடாது. தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு, பதுளை போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றவர்கள் அங்கு தந்த கிளினிக் புத்தகத்தையும் மறக்காமல் கொண்டு போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குப் பணம் இல்லை. உடற்பயிற்சிச் சிகிச்சைப் பகுதிக்கு, அதாவது பிசியோதெரபிக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

மார்புச் சத்திரசிகிச்சை எதுவும் செய்யாத ஒரு பெண்ணுக்குக் காரணமில்லாமல் ஒரு கை வீங்கினால், அவர் இன்னும் சீக்கிரமாகப் போகவேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்புப் புற்றுநோய்க்குத்தான். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்கள் வழியாக 1996 முதல் நடந்து வரும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைச் சோதித்துப் பார்ப்பார்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் வெட்கப்படாமல் போய் வாருங்கள்.

அளந்து பார்ப்பது எப்படி?

ஆரம்ப வீக்கத்தைக் கண் கண்டுபிடிக்காது. வளையல் இறுகுவது, சட்டைக் கை பிடிப்பது, கை "கனமா இருக்கு" என்று தோன்றுவது, இவைதான் முதல் அடையாளங்கள். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிரம்பும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் வீக்கத்தை நன்றாக வடிய வைக்கலாம். விட்டுவிட்டால் சதை நாராக இறுகி, குழி கூட விழாத நிலை வரும். அப்போது குறைப்பது கடினம்.

தையல் நாடா ஒன்று போதும். மணிக்கட்டில் ஒரு அளவு. அதிலிருந்து 10 சென்ரிமீற்றருக்கு ஒரு அடையாளமாக மேலே போய், ஒவ்வொரு இடத்திலும் சுற்றளவு எடுங்கள். இரண்டு கையையும் அளக்க வேண்டும். ஏதாவது ஒரு இடத்தில் 2 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். படிக்கிற பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்துத் திகதி போட்டு எழுதச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு தடவை, அதே நேரத்தில் அளந்தால் போதும். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியே உங்களுக்காகப் பேசும்.

பம்பை விட முதலில் வேண்டிய நான்கு

பம்ப் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கீழே சொல்கிற நான்கும் இல்லாமல் பம்ப் மட்டும் போட்டால் பலன் நிற்காது. பம்ப் இல்லாமல் இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்து கையைக் காப்பாற்றிக் கொள்பவர்கள் பலர்.

1. தோலைப் பேணுதல். தினமும் மெல்லிய சவுக்காரத்தால் கையைக் கழுவி, விரல் இடுக்குகளை ஒற்றித் துடையுங்கள். தேய்க்க வேண்டாம். கொழுந்துக் கறை போவதற்காகக் கல்லில் உரசுவதை விட்டுவிடுங்கள். ஊவாவில் ஆடி, ஆவணிக் காற்றுக் காலத்தில் தோல் காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். இரவில் வைத்தியர் தரும் கிறீம் அல்லது சுத்தமான தேங்காயெண்ணெய் மெல்லப் பூசுங்கள். கவ்வாத்து மலையில் குச்சி கீறலாம், அட்டை கடிக்கலாம், அடுப்பில் சுடலாம். எது நடந்தாலும் உடனே கழுவி மருந்து போடுங்கள். மருந்து, உரம் தொடும்போது கையுறை போடுங்கள்.

2. அமுக்கிக் கட்டுதல். இதற்கென்று அதிகம் இழுபடாத துணிப் பண்டேஜ் இருக்கிறது. சுளுக்குக்குக் கட்டும் இழுபடும் பண்டேஜ் இதற்கு ஆகாது. விரலில் தொடங்கி மேல் கை வரை, கீழே சற்று இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் கட்ட வேண்டும். பிசியோதெரபியில் இதை நேரில் காட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் கட்டிவிடப் போகும் கணவரோ மகளோ கூடப் போய்ப் பழக வேண்டும். வீக்கம் குறைந்த பிறகு அளவெடுத்த இறுக்கக் கையுறை போடலாம். அது ஏறக்குறைய ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். பிறகு மாற்ற வேண்டும்.

3. அசைவு. முஷ்டி மூடித் திறத்தல், முழங்கையை மடக்கி நீட்டல், தோளைச் சுற்றுதல், வயிறு எழும்ப மூச்சு இழுத்தல். ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும். பண்டேஜ் கட்டியபடி செய்தால் சதை உள்ளிருந்து அமுக்க, துணி வெளியிலிருந்து அமுக்க, நீர் மேலே ஏறும்.

4. மெல்லத் தடவுதல். இதை 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொடர் என்பவர் ஒரு முறையாக வகுத்தார். இது எண்ணெய் போட்டு உருவுவது போல் அல்ல. குழந்தையின் தலையைத் தடவுவது போல் அவ்வளவு மெல்லியது. முதலில் கழுத்து. பிறகு வீங்கிய பக்க அக்குளிலிருந்து மார்பின் குறுக்கே மறு அக்குளை நோக்கி. அதன் பின்தான் கை. மேலே உள்ள கானைத் திறந்து விட்டுத்தானே கீழ்த் தண்ணீரை விட வேண்டும்!

கேரளத்தில் காசர்கோட்டில் யானைக்கால் வீக்கத்துக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு நிறுவனம், கழுவுதல், மூச்சுப் பயிற்சியோடு யோகம், தடவுதல், பண்டேஜ் ஆகியவற்றைக் கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கே கற்றுக்கொடுத்து வீட்டில் செய்ய வைத்திருக்கிறது. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

காற்றுப் பம்ப் என்ன செய்கிறது?

பம்ப் என்பது கரண்டில் ஓடும் சின்னப் பெட்டி. அதிலிருந்து குழாய்கள் போய் ஒரு நீளமான உறையில் சேரும். அந்த உறைக்குள் கையை விட வேண்டும். உறைக்குள்ளே பல அறைகள் இருக்கும். முதலில் விரல் பக்கத்து அறையில் காற்று நிரம்பும், பிறகு மணிக்கட்டு, முழங்கை, மேல் கை என்று வரிசையாக நிரம்பும். பிறகு காற்று இறங்கும். மறுபடி தொடங்கும். பால் கறப்பது போல, நீரைக் கீழிருந்து மேலே தள்ளிவிடுகிறது.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். பம்ப் தள்ளுவது பெரும்பாலும் தண்ணீரைத்தான். புரதம் சதையில் தங்கி நின்று, பிறகு தண்ணீரைத் திரும்ப இழுக்கும். அதனால்தான் பம்ப் கழற்றியவுடன் பண்டேஜோ கையுறையோ போடச் சொல்கிறார்கள்.

பம்ப் போடும் முறை

உங்கள் கைக்கு எவ்வளவு அமுக்கம், எவ்வளவு நேரம் என்பதை வைத்தியரோ பிசியோதெரபி சிகிச்சையாளரோ எழுதித் தர வேண்டும். பொதுவாகக் கைக்கு 30 முதல் 40 மில்லிமீற்றர் அமுக்கம் வைப்பார்கள். பிரஷர் பார்க்கும் கருவியில் உள்ள அதே அளவுதான் இது. 60ஐத் தாண்டக் கூடாது. "கூட வச்சா சீக்கிரம் வத்தும்" என்று கூட்டினால், தோலுக்கடியில் உள்ள மெல்லிய நிணநீர்க் குழாய்கள் நசிந்து போகும். நேரம் 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை.

1. வளையல், மோதிரம், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள்.
2. தோலைப் பாருங்கள். சிவப்பு, சூடு, புண், கொப்புளம் இருந்தால் அன்று பம்ப் வேண்டாம்.
3. ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சியும், கழுத்து, மார்புத் தடவலும் செய்யுங்கள்.
4. கழுவி உலர்ந்த பருத்தித் துணி உறையைச் சுருக்கமில்லாமல் கையில் போடுங்கள்.
5. சாய்ந்து உட்கார்ந்து அல்லது படுத்து, கையைத் தலையணை மேல் நெஞ்சு மட்டத்துக்குச் சற்று உயர்த்தி வையுங்கள். பிறகு பம்ப் உறையைப் போடுங்கள்.
6. குறைந்த அமுக்கத்தில் தொடங்கி, எழுதித் தந்த அளவுக்குக் கொண்டு வாருங்கள்.
7. நோவு, விரல் மரத்துப் போதல், விரல் நீலமாகுதல், மூச்சு முட்டுதல் ஏதாவது வந்தால் உடனே நிறுத்துங்கள்.
8. கழற்றியதும் தோள், மார்பு, முதுகு வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீங்கியிருந்தால் நீர் கையிலிருந்து அங்கே போய்த் தேங்குகிறது என்று அர்த்தம். வைத்தியரிடம் காட்டும் வரை பம்பை நிறுத்தி வையுங்கள்.
9. தாமதிக்காமல் பண்டேஜ் கட்டுங்கள்.

லயத்துக் காம்பராவில் கரண்ட் விஷயத்தில் கவனம் வேண்டும். ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள். ஒரே பிளக்கில் கேத்தல், பம்ப் எல்லாம் சேர்த்து மாட்டாதீர்கள். பெட்டியை ஈரத் தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் சில பம்புகளில் காற்று உள்ளேயே நிற்கும். உடனே குழாயைக் கழற்றிக் காற்றை விட்டுக் கையை வெளியே எடுங்கள். இடி மின்னல் நேரத்தில் போடவே வேண்டாம்.

யார் பம்ப் போடக் கூடாது?

கையில் கிருமித் தொற்று உள்ளவர்கள், குழாயில் இரத்தம் கட்டியவர்கள், கட்டுப்படாத இருதய நோய் உள்ளவர்கள், கைக்குப் போகும் இரத்த ஓட்டம் மோசமாக உள்ளவர்கள், அந்தப் பக்கத்தில் புற்றுநோய் திரும்பி வந்தவர்கள் வைத்தியர் சம்மதமில்லாமல் போடக் கூடாது.

கடன் பட்டு வாங்கலாமா?

அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. முதலில் ஆஸ்பத்திரியில் சில தடவை பம்ப் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். போடுவதற்கு முன்னும் பின்னும் அளவெடுங்கள். உங்கள் கை அதற்கு இறங்குகிறதா என்று அப்போது தெரியும். வாங்குவதென்றால், அமுக்கத்தின் அளவு காட்டுகிற, கூட்டிக் குறைக்கக் கூடிய, பல அறைகள் உள்ள பம்பாக இருக்க வேண்டும். களைப்பு தீர விற்கும் மசாஜ் மெஷின்களில் இந்த அளவு இருக்காது. அவற்றை வாங்கி ஏமாற வேண்டாம்.

ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று பேருக்கு இந்த வீக்கம் இருந்தால், மாதர் சங்கமோ நலன்புரிச் சங்கமோ சேர்ந்து ஒரு பம்ப் வாங்கி டிஸ்பென்சரியில் வைத்துப் பாவிப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் உள்ளே போடும் துணி உறை ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். ஒருவருக்கு எழுதித் தந்த அமுக்கத்தை மற்றவர் போடக் கூடாது.

காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம்

கை திடீரென்று சிவந்து, சூடாகி, நோவோடு குளிர் காய்ச்சல் வந்தால் அது கிருமித் தொற்று. மஞ்சள் பூசிக்கொண்டு விடியும் வரை இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இராத்திரியாக இருந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பம்பையும் பண்டேஜையும் நிறுத்தி, வைத்தியர் சொன்ன பிறகு தொடங்குங்கள். ஒவ்வொரு தொற்றும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களையும் கெடுக்கிறது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

ஊசி போடுவதையும் பிரஷர் பார்ப்பதையும் முடிந்தவரை மற்றக் கையில் செய்யச் சொல்லுங்கள். உயிருக்கு அவசரம் என்றால் எந்தக் கை என்று பார்க்க வேண்டாம்.

வேலைக்குப் போகலாமா?

"இனிக் கையை அசைக்கவே கூடாது" என்று முன்பு சொல்வார்கள். அது சரியல்ல என்று இப்போது தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. இறுக்கக் கையுறை போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாரம் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதும் மற்றவர்களை விட அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் "கொஞ்சம் கொஞ்சமாக" என்பதுதான். பல மாதம் வீட்டில் இருந்துவிட்டு முதல் நாளே முழுக் கூடை சுமக்கக் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நின்று கையை உயர்த்தி முஷ்டி மூடித் திறவுங்கள். பையின் வாரை வீங்கிய பக்கத் தோளில் போடாதீர்கள். தண்ணீர்க் கேனை மற்றக் கையில், அரைக் கேனாகத் தூக்குங்கள். இலகு வேலை தரும்படி வைத்தியரிடம் கடிதம் வாங்கித் தோட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். தலைவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். வாயால் சொன்னதை மறப்பார்கள், கடிதத்தை மறக்க முடியாது.

கடைசியாக வீட்டுக்காரர்களுக்கு

இந்த வீக்கத்தை அடியோடு மாற்றும் மருந்து இல்லை. ஆனால் தினமும் கவனித்தால் கை கைக்குள் இருக்கும், கொழுந்தும் எடுக்கலாம், பேரப்பிள்ளையையும் தூக்கலாம். தினமும் கவனிப்பது என்றால் ஒருவரால் தனியாக முடியாது. ஒற்றைக் கையால் இன்னொரு கைக்குப் பண்டேஜ் கட்டிப் பாருங்கள், புரியும். ஆகவே ஐயாமாரே, அம்மா பம்ப் போடுகிற அந்த ஒரு மணித்தியாலம் அடுப்பை நீங்கள் பாருங்கள். மகன் தண்ணீர் எடுக்கட்டும். மகள் அளவு எழுதட்டும்.

உங்கள் லயத்தில் கையை மறைத்துக்கொண்டு நடக்கிற ஒரு அக்கா இருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இரண்டு தடவை வாசியுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அவரோடு பதுளை பஸ் ஏற ஒருவர் முன்வாருங்கள்.